"நாளைக்கு ரெடி, அம்மா!"

'நாளை' என்ற சொல்லுக்கு அகராதிக்காரர்கள் ஒரே ஓர் அர்த்தம்தான் கொடுத்திருக்கிறார்கள். அவர்களில் ஒருவராவது கார் ரிப்பேர் ஷெட்டில் வண்டியை விட்டுவிட்டுக் காத்திருந்தவர் அல்ல என்று தோன்றுகிறது. அங்கே 'நாளைக்கு' என்றால் 'இன்றைக்கு இல்லை' என்று பொருள். 'நாளைக்குச் சாயந்தரம் கண்டிப்பாக' என்றால் இந்த வாரம் இல்லை. 'எல்லாம் முடிந்து விட்டது அம்மா, கழுவித் துடைக்க வேண்டியதுதான் பாக்கி' என்றால் வண்டியின் பானெட்டை இன்னும் திறக்கவே இல்லை என்று அறிக!

சிரிக்கிறீர்கள் அல்லவா? வண்டி வீட்டு வாசலில் நிற்கிறவர்கள் சிரிப்பார்கள். மூன்று வாரமாக அது ஷெட்டில் நிற்கிறவர்களுக்குச் சிரிப்பு வராது. பள்ளிக்கூடம் போகும் குழந்தைகள், டாக்டரிடம் காட்ட வேண்டிய மாமனார், நாத்தனார் வீட்டு வளைகாப்பு - இத்தனையும் அந்த ஒரு 'நாளை'யில் தொங்கிக் கொண்டிருக்கும். காரை ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் சரி, அது இல்லாத நாளில் ஆட்டோவுக்கு அலைகிற வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் தலையில்தான் விழுகிறது. ஆகையால் இந்தச் சங்கதியை நாம் கொஞ்சம் விவரமாகவே தெரிந்து கொள்ளலாம், வாருங்கள்.

ஒரு விதத்தில் இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. தீபாவளிக்கு ரவிக்கை தைக்கக் கொடுத்த அனுபவம் யாருக்கு இல்லை? துணியைக் கொடுத்ததும் தையற்காரர் என்ன செய்கிறார்? அளவெடுத்து, உங்கள் கண் முன்பாகவே கத்திரிக்கோலால் 'சரக்'கென்று ஒரு வெட்டு வெட்டி வைத்து விடுகிறார். தைப்பது என்னவோ பத்து நாள் கழித்துத்தான். ஆனால் வெட்டிய துணியை எடுத்துக் கொண்டு நீங்கள் வேறு கடைக்குப் போக முடியாது! சில கார் ஷெட்டுகளிலும் இதே தந்திரந்தான். வண்டியை விட்ட அன்றே எதையாவது கழற்றிக் கீழே வைத்து விடுவார்கள். கழற்றிய வண்டி, வெட்டிய ரவிக்கைத் துணி மாதிரி. அப்புறம் நீங்கள்தான் சுற்றிச் சுற்றி வர வேண்டும்.

எல்லா மெக்கானிக்கும் அப்படி என்று சொன்னால் பாவம் வந்து சேரும். பல இடங்களில் தாமதத்துக்குக் காரணம் தந்திரம் அல்ல, வெறும் கணக்குத்தான். ஜான் லிட்டில் என்ற அமெரிக்கர் 1961-ல் ஒரு சூத்திரத்தை நிரூபித்துக் காட்டினார். கேட்டால், "இதற்கு ஒரு கணித நிபுணர் வேண்டுமா?" என்பீர்கள், அவ்வளவு எளிது. ஓர் இடத்தில் சராசரியாக எத்தனை வண்டி நிற்கிறதோ, அதை, ஒரு நாளில் எத்தனை வண்டி வேலை முடிந்து வெளியே போகிறதோ அந்த எண்ணால் வகுக்க வேண்டும். வருகிற விடைதான் ஒரு வண்டி அங்கே சராசரியாகத் தங்கும் நாட்கள். ஷெட்டில் 24 வண்டி நிற்கிறது, நாளொன்றுக்கு 3 வண்டி வெளியேறுகிறது என்றால் உங்களுக்கு 8 நாள். மெக்கானிக் பஞ்சாமிர்தமாகப் பேசினாலும் 8 நாள்; நீங்கள் காலையும் மாலையும் டெலிபோன் செய்தாலும் 8 நாள்.

இந்தக் கணக்கை வாசலில் நின்றபடியே போட்டு விடலாம். நிற்கிற வண்டிகளை எண்ணிக் கொள்ளுங்கள். கண்ணாடியில் விரலால் பெயர் எழுதும்படி தூசி படிந்த வண்டிகள் எத்தனை என்பதையும் பார்த்துக் கொள்ளுங்கள். பிறகு, "ஒரு நாளைக்கு எத்தனை வண்டிப்பா வெளியே போகுது?" என்று வாட்ச்மேனைக் கேளுங்கள். முதலாளி சொல்ல மாட்டார். வாட்ச்மேன் உள்ளதை உள்ளபடி சொல்லி விடுவார். நகரமெங்கும் பெயர் பெற்ற பெரிய ஒர்க் ஷாப்பானாலும், தெருக்கோடிப் புங்கமரத்தடி ஷெட்டானாலும் இந்தச் சூத்திரம் பட்சபாதம் பார்ப்பதில்லை.

அப்படியானால் அத்தனை வண்டிகளை ஏன் வாங்கிப் போட்டுக் கொள்கிறார்கள்? "இன்னும் பத்து நாள் ஆகும் அம்மா" என்று நிஜத்தைச் சொன்னால் நீங்கள் வண்டியைத் திருப்பிக் கொண்டு அடுத்த தெரு ஷெட்டுக்குப் போய் விடுவீர்களே! 'நாளைக்கு' பிறந்த கதை இதுதான்.

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். மேற்கு மாம்பலத்தில் எனக்குத் தெரிந்த ஓர் அம்மாள் இருக்கிறார். கணவருக்கு வெளியூரில் உத்தியோகம். வயதான மாமியாருக்குச் சிறுநீரகக் கோளாறு. வாரத்தில் மூன்று நாள் டயாலிஸிஸ். அதற்கு அழைத்துப் போகவென்றே கார் ஓட்டக் கற்றுக் கொண்டவர் இவர். ஒரு நாள் வழியில் வண்டி கொதித்து நின்று விட்டது. ஷெட்டுக்காரர் பார்த்துவிட்டு, "கேஸ்கெட் போயிடுச்சும்மா, நாலு நாள்ல தந்துடறேன்" என்றார்.

கேஸ்கெட் என்றால் பயப்பட வேண்டாம். உங்கள் பிரஷர் குக்கர் மூடியில் இருக்கிறதே, அதே வேலையைத்தான் இஞ்சினிலும் செய்கிறது. இஞ்சினின் மேல் பாகமான 'ஹெட்'டுக்கும் அடிப்பாகத்துக்கும் நடுவே உட்கார்ந்து கொண்டு, உள்ளே இருப்பது வெளியே வராமல் அடைக்கிறது. வண்டி மிதமிஞ்சிக் கொதித்தால் கேஸ்கெட் போவதோடு ஹெட்டும் கொஞ்சம் வளைந்து விடும். அதை லேத்துப் பட்டறைக்கு அனுப்பிச் சமமாகச் சீவி வாங்க வேண்டும். ஆக, வேலை பெரிய வேலைதான். ஆனால் மலையைப் புரட்டுகிற வேலை அல்ல.

நாலு நாள், பத்து நாளாயிற்று. பத்து நாள் மாதமாயிற்று. அம்மாள் தினந்தோறும் காலையில் டெலிபோன் செய்து, "ஆச்சா?" என்பார். "நாளைக்கு ரெடி, அம்மா!" என்று பதில் வரும். வாரத்தில் மூன்று நாள், போக வர ஆட்டோ. ஒரு நாள் கொட்டுகிற மழையில் ஆட்டோ ஒன்றும் கிடைக்கவில்லை; அன்றைய டயாலிஸிஸ் தவறிப் போயிற்று. மறுநாள் மாமியாருக்குக் கால் வீங்கி, மூச்சு வாங்க ஆரம்பித்து விட்டது. ஆஸ்பத்திரியில் அவசரமாகச் சேர்த்துப் பிழைக்க வைத்தார்கள். அன்றைக்கு அந்த அம்மாள் அழுத அழுகையை எழுத்தில் கொண்டுவர எனக்குச் சக்தி இல்லை.

அடுத்த வீட்டுப் பெரியவர் பெரம்பூர் ரயில் பெட்டித் தொழிற்சாலையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். அவர் சொன்னாராம்: "எப்ப தருவேன்னு கேக்காதேம்மா. அதுக்கு ஒரே பதில்தான் உண்டு. வண்டி இப்ப எதுக்காக நிக்குதுன்னு கேளு."

மறுநாள் காலை ஒன்பது மணிக்கு, ஆட்களுக்கு அன்றைய வேலை பிரித்துக் கொடுக்கிற நேரத்தில், அம்மாள் ஷெட்டுக்குப் போய் நின்றார். அந்த ஒரே கேள்வியைக் கேட்டார். மேஸ்திரியால் மழுப்ப முடியவில்லை. கதை மெல்ல மெல்ல வெளியே வந்தது. வண்டியைத் திறக்கவே 5 நாள் ஆகியிருந்தது. பிரித்தது ஒரு நாள். லேத்துப் பட்டறையில் ஹெட் வரிசையில் கிடந்தது 6 நாள். சீவியது என்னவோ ஒரு மணி நேரந்தான். கேஸ்கெட்டுக்குக் காத்திருந்தது 10 நாள். வந்த கேஸ்கெட் பொருந்தவில்லை! திருப்பி அனுப்புவதற்குள் மேஸ்திரி ஊர்த் திருவிழாவுக்குப் போய் விட்டார். அது 8 நாள். வந்து மறுபடி சொல்லி வைத்து, சாமான் வர 7 நாள். அப்புறம்? அப்புறந்தான் வேடிக்கை. சரியான கேஸ்கெட் ஜி.பி. ரோடு கடைக்கு வந்து சேர்ந்து 4 நாள் ஆகியிருந்தது. போய் வாங்கி வர ஷெட்டில் பையன் இல்லை!

கூட்டிப் பாருங்கள், 41 நாள். அம்மாள் வாக்குவாதம் செய்யவில்லை. கடைச் சீட்டை வாங்கிக் கொண்டு பஸ் ஏறி, மவுண்ட் ரோடில் இறங்கி, ஜி.பி. ரோடுக்கு நடந்தார். மோட்டார் சாமான் கடைகள் தோளோடு தோள் உரசி நிற்கும் அந்த வீதியில், ஆண்களின் கூட்டத்துக்கு நடுவே நின்று கேஸ்கெட்டை வாங்கிக் கைப்பையில் போட்டுக் கொண்டு திரும்பினார். 43-வது நாள் வண்டி வீட்டு வாசலில் நின்றது.

இந்த 43 நாளில் வண்டி மேல் மனிதர்களின் கை பட்டது எத்தனை நாள்? பிரித்த ஒரு நாள், பூட்டிய இரண்டு நாள், லேத்தில் ஒரு மணி. மற்ற 40 நாளும் அது சும்மா காத்துக் கொண்டிருந்தது! பெரும்பாலான தாமதங்களின் உள்விஷயம் இதுதான். வேலை மெதுவாக நடப்பதில்லை. வேலை நடக்காமல் இருக்கிறது. காரணம் சின்னதாக இருக்கும். ஒரு சீட்டு, ஒரு சம்மதம், ஒரு பையன். அது என்னவென்று கேட்கிறவர் இல்லாததால் அப்படியே கிடக்கும்.

பொருந்தாத கேஸ்கெட் வந்தது எப்படி என்று கேட்பீர்கள். ஒரே பெயருள்ள கார்தான். ஆனால் கம்பெனிக்காரர்கள் வருஷத்துக்கு வருஷம், சில சமயம் வருஷ நடுவிலேயே, உள் சாமான்களை மாற்றி விடுகிறார்கள். கார் பெயரை மட்டும் சொல்லிக் கேட்டால் கடைக்காரர் குத்துமதிப்பாக ஒன்றைக் கொடுப்பார். உங்கள் ஆர்.சி. புத்தகத்தில் சாஸி நம்பர் என்று 17 எழுத்தும் எண்ணுமாக ஒன்று இருக்கும். அதைச் சொல்லிக் கேட்டால் உங்கள் வண்டிக்கே உரிய சாமான் வரும். அந்தப் பக்கத்தைப் படம் எடுத்து வாட்ஸப்பில் ஷெட்டுக்கு அனுப்பி வைத்து விடுங்கள். புதுப் பாகம் கிடைக்காத பழைய மாடல் என்றால் புதுப்பேட்டை இருக்கவே இருக்கிறது. பழைய வண்டிகளைப் பிரித்துப் பாகம் பாகமாக விற்கும் அந்தக் கடைகளில் கிடைக்காதது அபூர்வம். ஆனால் அங்கே போகும்போது விஷயம் தெரிந்த மெக்கானிக் கூட வருவது நல்லது. பார்வைக்குப் புதிதாக இருப்பதெல்லாம் புதிதல்ல.

விபத்தில் அடிபட்ட வண்டி என்றால் இன்ஷூரன்ஸ் சமாசாரம் வந்து சேருகிறது. இங்கே காத்திருப்பதற்கு இன்னும் அதிகப் படிகள். ஷெட் எஸ்டிமேட் போட வேண்டும். கம்பெனி சர்வேயர் வந்து பார்க்க வேண்டும். சம்மதம் வர வேண்டும். அதன் பிறகு வண்டியைப் பிரித்தால், வெளியே தெரியாமல் உள்ளே உடைந்திருப்பது இன்னும் நாலு தெரிய வரும். அதற்கு ஒரு துணை எஸ்டிமேட், மறுபடி சர்வேயர், மறுபடி சம்மதம். ஷெட்டைக் கேட்டால் "சர்வேயர் வரலை" என்பார்கள். சர்வேயரைக் கேட்டால் "ஷெட்லேர்ந்து பேப்பர் வரலை" என்பார். இரண்டு பேரும் பொய் சொல்லாமலே பத்து நாள் ஓடி விடும்! ஆகையால் முதல் நாளே சர்வேயரின் பெயரையும் டெலிபோன் நம்பரையும் கேட்டு வாங்கிக் கொள்ளுங்கள். பிரிக்க வேண்டியதையெல்லாம் அவர் சம்மதத்தோடு ஒரே தடவையில் பிரித்துக் காட்டச் சொல்லுங்கள்.

ஊருக்கே ஒரே சமயத்தில் கஷ்டம் வந்தால் யாரையும் நொந்து பயனில்லை. 2015 டிசம்பர் வெள்ளத்தின்போதும், 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் சென்னையில் நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அடுக்கு மாடி வீடுகளின் அடித்தளங்களில் கார்கள் கழுத்தளவு தண்ணீரில் நின்றன. வண்டிகளெல்லாம் ஒரே வாரத்தில் ஷெட்டுகளுக்குப் படையெடுத்தால் லிட்டிலின் கணக்கு என்ன ஆகும்? அந்த மாதிரி வேளையில் நம் கையில் இருப்பது ஒன்றே ஒன்று. தண்ணீரில் நின்ற வண்டியின் சாவியைத் திருப்பி 'ஸ்டார்ட் ஆகிறதா' என்று பார்க்கவே கூடாது. காற்றை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் இஞ்சின் சுழலும்போது உள்ளே இருக்கும் கனெக்டிங் ராடு வளைந்து போகும். சுத்தம் செய்து எண்ணெய் மாற்றினால் முடிந்திருக்கும் வேலை, இஞ்சினையே இறக்குகிற வேலையாகி விடும். 'தண்ணீரில் ஸ்டார்ட் செய்தது உங்கள் தப்பு' என்று இன்ஷூரன்ஸ்காரரும் கையை விரிக்க இடம் உண்டு. இழுத்துச் செல்லும் வண்டி வருகிற வரையில் பொறுமையாக இருப்பதே மேல்.

வண்டியை விடுகிற அன்று ஐந்து நிமிஷம் செலவழித்தால் பின்னால் ஐந்து வாரம் மிச்சமாகும். ஜாப் கார்டு என்ற தாளை நம்மில் பலர் படிக்காமலே மடித்துப் பையில் போட்டுக் கொள்கிறோம். என்ன கோளாறு, எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது, டாங்கியில் பெட்ரோல் எவ்வளவு, உத்தேசச் செலவு என்ன - இவற்றோடு, என்றைக்கு டெலிவரி என்பதையும் அதில் எழுதி வாங்க வேண்டும். மரத்தடி ஷெட்டில் ஜாப் கார்டு ஏது என்கிறீர்களா? ஒரு வாட்ஸப் செய்தி போதும். "மேஸ்திரி, வெள்ளிக்கிழமைக்குள் தருவதாகச் சொன்னீர்கள், சரிதானே?" என்று அனுப்பி, "சரிம்மா" என்று பதில் வாங்கி வைத்துக் கொள்ளுங்கள்.

அந்தத் தேதிக்கு என்ன அவ்வளவு மதிப்பு என்றால், அதற்குச் சட்டத்தில் இடம் இருக்கிறது. 1872-ஆம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம் இன்றைக்கும் அமலில் இருக்கிறது. நம் பொருளை வேலைக்காக வாங்கி வைத்திருப்பவர், அதைத் தன் சொந்தப் பொருளைப் போல ஜாக்கிரதையாகப் பார்த்துக் கொள்ள வேண்டும் என்கிறது அது. உரிய காலத்தில் திருப்பித் தராதது அவர் குற்றமானால், அதற்குப் பிறகு பொருளுக்கு வருகிற நஷ்டத்துக்கு அவரே பொறுப்பு என்கிறது 161-வது பிரிவு. நின்று கொண்டே இருக்கிற வண்டிக்கு நஷ்டம் என்ன வரும் என்று நினைக்க வேண்டாம். பாட்டரி செத்துப் போகும். எலி வயரைக் கடித்து வைக்கும். டயர் காற்றிறங்கி உட்கார்ந்து விடும்.

அதே சட்டம் ஷெட்டுக்காரர் பக்கமும் பேசுகிறது. வேலையைச் செய்து முடித்தவர், கூலி கைக்கு வரும் வரையில் பொருளைத் தராமல் வைத்துக் கொள்ளலாம்; இது 170-வது பிரிவு. இதற்கு உதாரணமாகச் சட்டம் எழுதியவர்கள் யாரைச் சொல்லியிருக்கிறார்கள் தெரியுமா? வைரத்துக்குப் பட்டை தீட்டுகிற நகைக்காரரையும், கோட்டுத் தைக்கிற தையற்காரரையும்! நகைக்காரர் கூலி வாங்கும் வரையில் வைரத்தைப் பிடித்து வைக்கலாம். ஆனால், 'தைத்ததும் தந்து விடுகிறேன், பணம் மூன்று மாதம் கழித்துக் கொடுங்கள்' என்று வாக்களித்த தையற்காரர் கோட்டைப் பிடித்து வைக்க முடியாது. நம்முடைய தையற்காரர் 1872-லேயே சட்டப் புத்தகத்தில் ஏறி உட்கார்ந்து விட்டார், பாருங்கள்.

பேசிப் பார்த்தும் பயனில்லை என்கிற நிலை வந்தால் 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண் இருக்கிறது. அதற்கும் மேலே மாவட்ட நுகர்வோர் ஆணையம். 2019-ல் இயற்றி 2020 ஜூலையில் அமலுக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, நீங்கள் குடியிருக்கிற மாவட்டத்திலேயே புகார் கொடுக்கலாம். வக்கீல் வைத்துத்தான் ஆக வேண்டும் என்பதில்லை. கொடுத்த தொகை 5 லட்ச ரூபாய்க்கு உட்பட்டதானால் கட்டணமும் இல்லை. இரண்டு வருஷத்துக்குள் கொடுத்து விட வேண்டும்; அவ்வளவுதான். ஜாப் கார்டும், பில்லும், அந்த "சரிம்மா"வும் அங்கேதான் உதவும். ஆனாலும் என் அபிப்பிராயம் என்னவென்றால், ஆணையத்துக்குப் போகிறவர் வேறு ஷெட்டையும் பார்த்து வைத்துக் கொண்டுதான் போக வேண்டும். வழக்கு ஓடும், கார் ஓடாது.

மெக்கானிக்குகளிடம் பேசிப் பார்த்தால் அவர்களும் நம்மைப் பற்றி ஒரு பாட்டம் அழுகிறார்கள். "கிளட்ச் பிளேட்டும் போயிடுச்சு, மாத்தட்டுமா?" என்று செய்தி அனுப்பினால், "அவரைக் கேட்டுச் சொல்கிறேன்" என்று பதில் வருமாம். 'அவர்' நாலு நாள் கழித்து, "ரேட் கொஞ்சம் பார்த்துப் போடுப்பா" என்பாராம். அதுவரை வண்டி தூக்கி நிறுத்திய இடத்திலேயே நிற்கும். அந்த இடத்தில் வேறு வேலையும் நடக்காது. முடிந்த வண்டியை எடுத்துப் போக வராமல், ஷெட்டையே கார் நிறுத்துமிடமாக உபயோகிக்கிற புண்ணியவான்களும் உண்டாம். ஆகவே, இன்ன தொகை வரையில் கேட்காமலே செய்யலாம், அதற்கு மேலே போனால் இந்த நம்பருக்குக் கூப்பிடவும் என்று முதல் நாளே சொல்லி விடுங்கள். அந்த நம்பர் வீட்டில் தீர்மானம் செய்கிறவருடையதாக இருக்கட்டும்.

அப்புறம், நாள் பார்த்து வண்டியை விடுவதும் அவசியம். ராகு காலம், எமகண்டத்தைச் சொல்லவில்லை. சனிக்கிழமை மாலை விட்டால் ஞாயிறு வீண். மழைக்காலத்தில் டிங்கரிங், பெயிண்டிங் வேலை கொடுத்தால் பட்டி காய்வதற்கே நாள் பிடிக்கும். அவசரப்படுத்திப் பூசினால் பெயிண்ட் மங்கிப் போகும். பொங்கலுக்கு முன்வாரம் ஆட்கள் ஊருக்குக் கிளம்பும் மும்முரத்தில் இருப்பார்கள். எல்லாவற்றையும் விட, ஆயுத பூஜைக்கு முந்தின நாட்களில் ஷெட் பக்கமே போக வேண்டாம். ஸ்பானர், ஜாக்கி, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சரஸ்வதியின் காலடியில் வைத்து விடுவார்கள். அம்பாள் உத்தரவு கொடுக்கும் வரையில் யாரும் தொட மாட்டார்கள். உள்ளே நிற்கிற உங்கள் வண்டிக்குக் குறை ஒன்றும் வைக்க மாட்டார்கள். சந்தனம், குங்குமம், சாமந்தி மாலை எல்லாம் உண்டு. நாலு எலுமிச்சம்பழமும் கொண்டு வந்து வைப்பார்கள். அதை நசுக்குவதற்கு வண்டியில் சக்கரந்தான் இராது!